திருட்டுத் தேனீக்கு வைத்த பெயர்

அன்று மியூசியத்தின் டீ ரூமே சிரிப்பில் குலுங்கியது. பாம்புப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர், எல்லோருக்கும் ‘பாம்பு சார்’, மொபைலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையைச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தார்.

“‘இந்தத் தேனீயின் பழக்கவழக்கங்களை மிக நெருக்கமாக அறிந்தவரான என் முன்னாள் சக ஆராய்ச்சியாளரைச் சிறப்பிக்கும் வகையில் இப்பெயர் சூட்டப்படுகிறது.’ அடேங்கப்பா! வாழைப்பழத்துல ஊசின்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க குண்டூசியையே ஏத்திட்டீங்களே மேடம்!”

மேடம் பிஸ்கட்டை டீயில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் லாவகமாக வாயில் போட்டுக்கொண்டாள். முகத்தில் மட்டும் பரீட்சையில் முதலாவதாக வந்த பெண்ணின் களை.

‘குண்டூசி’ என்பது அந்தக் கட்டடம் அவளுக்கு வைத்த பெயர். முப்பது வருடமாகத் தேனீக்களை ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. நாக்கும் அதே ஜாதி ஊசி என்பதால் பெயர் நிலைத்துவிட்டது. அவளோடு சேர்ந்தாற்போல் வேலைக்கு வந்த இன்னொருத்திக்கு ‘பஞ்சு’ என்று பெயர். மெதுவாகப் பேசுவாள், யார் எது சொன்னாலும் அமுங்கிக் கொடுப்பாள். குண்டூசியும் பஞ்சும் ஒரு காலத்தில் நகமும் சதையும். ஒரே மைக்ராஸ்கோப்பை ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கு போட்டவர்கள்.

அந்தப் பஞ்சுவின் பெயரைத்தான், அதாவது அவள் பெற்றோர் வைத்த நிஜப் பெயரைத்தான், லத்தீன் வால் ஒட்டி, ஒரு புதிய தேனீக்கு வைத்திருந்தாள் குண்டூசி. பார்ப்பதற்குப் பெரிய மரியாதை. ஆனால் அது என்ன தேனீ என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இலைவெட்டித் தேனீ என்று ஒன்று உண்டு. இலைகளை வட்ட வட்டமாக வெட்டி வந்து, சுருட்டி, அறை கட்டி, அதில் மகரந்தத்தைச் சேர்த்து முட்டையிடும். பாவம், நாள் முழுக்க உழைக்கும். அதன் வாசலிலேயே காத்திருக்கும் இன்னொரு தேனீ. கூடு கட்டத் தெரியாது, மகரந்தம் சேர்க்கத் தெரியாது. வீட்டுக்காரி வெளியே போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, கூரான வால் நுனியால் இலைச் சுவரைக் கிழித்துத் தன் முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும். அதிலிருந்து வரும் புழு முதலில் வீட்டுக்காரியின் குழந்தையைத் தீர்த்துக்கட்டும். பிறகு சேர்த்து வைத்த சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிடும். திருட்டுத் தேனீ. அதில் ஒரு புது வகைக்குத்தான் பஞ்சுவின் பெயர்.

காரணம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து இலைவெட்டித் தேனீக்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். பாதிப் படங்கள் குண்டூசி வரைந்தவை. வேலை முடியும் தறுவாயில் அவள் அம்மா படுத்த படுக்கையானார். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, அம்மாவை வழியனுப்பிவிட்டு, லீவு முடிந்து வந்தால் மேஜை மேல் புத்தகம் அச்சாகி உட்கார்ந்திருந்தது. அட்டையில் டைரக்டர் பெயர், பஞ்சுவின் பெயர். குண்டூசியின் பெயர் கடைசிப் பக்கத்தில், ஜீப் டிரைவருக்கு நன்றி சொன்ன அதே வரியில்.

அன்றைக்கு அறையை மாற்றிக்கொண்டாள். பஞ்சுவோடு பேச்சை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் பஞ்சு வேறு ஊர் மியூசியத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி அந்தப் புத்தகம் மட்டும் குண்டூசியை உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது எடுத்துப் போட்டாகிவிட்டது. அப்படித்தான் நினைத்தாள்.

வீட்டில் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. அவள் கணவர் பல் டாக்டர். க்ளினிக்கை மூடிவிட்டு வந்து கைகழுவியவர், அவள் சொன்னதைக் கேட்டு டவலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“இது உனக்கே நல்லா இருக்கா?”

“ஏன், என்ன கெட்டுப்போச்சு? பேரு வெச்சேன். திட்டலையே!”

“திட்டியிருந்தா பரவால்லயே! திட்டு காத்தோட போயிடும். நான் ஒருத்தன் பல்லைத் தப்பாப் பிடுங்கிட்டாகூட அவன் பல் கட்டிக்கலாம். நீ பண்ணதுக்கு எதைக் கட்டறது?”

“அவ எனக்குப் பண்ணது மட்டும் நியாயமா?”

“அது முடிஞ்சு எத்தனை வருஷமாச்சு!”

“புஸ்தகம் இன்னும் ஷெல்ஃப்லதாங்க இருக்கு.”

அவர் டவலை மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். வாய் திறக்க மறுக்கிற நோயாளியிடம் மல்லுக்கட்டக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம்.

ஒரு மாதம் போயிருக்கும். மியூசியத்தில் புதிய காட்சிக்கூடம் திறப்புவிழா. பழைய டைரக்டர் வந்திருந்தார். ரிட்டையர் ஆன பிறகு ரோஜாத் தோட்டத்தில் மூழ்கிவிட்ட மனிதர். பூச்சி என்றால் இப்போதெல்லாம் மருந்தடிக்கிற விஷயம்தான் அவருக்கு. விழா முடிந்ததும் குண்டூசியின் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நம்ம பஞ்சு பேரை ஒரு தேனீக்கு வெச்சிருக்கியாமே! ரொம்ப சந்தோஷம்மா. ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்க போலிருக்கு.”

“ம்ம்” என்றாள் குண்டூசி. எந்தத் தேனீ என்று அவருக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

“அவளுக்கு நீ செய்ய வேண்டியதுதான். அந்தப் புஸ்தகத்துல உன் பேரைப் போடணும்னு என்கிட்ட என்ன சண்டை போட்டா தெரியுமா? பஞ்சாவது, பாறாங்கல்லு! ‘அவ பேரு இல்லன்னா என் பேரும் வேண்டாம் சார்’னு ஒரே அழுகை.”

குண்டூசியின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது.

“சார்?”

“நான்தாம்மா வேண்டாம்னுட்டேன். மூணு பேர்னா பெருமையில என் பங்கு குறைஞ்சிடும். அப்போ எனக்கு அதெல்லாம் பெரிய விஷயம். ‘உன் வேலை என் கையிலதான் இருக்கு, பாத்து நடந்துக்கோ’ன்னு ஒரு சத்தம் போட்டேன். அடங்கிட்டா.” அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “அந்தக் காலத்துல நான் கொஞ்சம் ஒரு மாதிரிதான், இல்ல?”

“அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சார்.”

“நீ எங்கம்மா பேச விட்டே? மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனவதானே நீ?” என்றவர், ரோஜாவுக்கு வரும் அசுவினிப் பூச்சியை ஒழிக்க வழி கேட்டார். அவள் என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

அவர் போன பிறகு அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அந்த வரியை எழுதியபோது தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியருக்கு ஃபோன் போட்டாள். பெயரை மாற்ற வேண்டும் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், உங்களுக்கு நான் சட்டம் சொல்லணுமா?” என்றார்.

சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு வைத்த பெயரைப் பிடிக்கவில்லை என்றால் எழுதிக்கொடுத்து மாற்றிவிடலாம். தெருவுக்கு வைத்த பெயரை அடுத்த ஆட்சியில் மாற்றிவிடலாம். ஒரு புதிய உயிருக்கு முறைப்படி அச்சில் வைத்த பெயரை, வைத்தவரே காலில் விழுந்தாலும் மாற்ற முடியாது. பொருத்தமில்லை, மனது மாறிவிட்டது என்பதெல்லாம் காரணமே ஆகாது. உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் குழம்பாமல் இருக்க அவர்களே போட்டுக்கொண்ட கட்டு அது.

டீ ரூமில் பாம்பு சாரிடம் விஷயத்தைக் கொட்டினாள். மனிதர் இந்தமுறை சிரிக்கவில்லை. அந்தக் கிண்டல் வரியைத் தன் பங்குக்கு மொபைலில் ஊரெல்லாம் அனுப்பிவைத்தவர் அல்லவா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒரே ஒரு வழிதான் இருக்கு மேடம். உங்க பூச்சி புதுசே இல்லன்னு ஆகணும்.”

அது அவளுக்கும் தோன்றியிருந்தது. ஒரே உயிருக்கு இரண்டு பேர் தெரியாமல் இரண்டு பெயர் வைத்துவிட்டால் முதலில் வைத்ததுதான் செல்லும். பின்னால் வந்த பெயர் மூழ்கிவிடும். யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். அவள் தேனீயை நூறு வருடத்துக்கு முன்னாலேயே யாராவது கண்டுபிடித்துப் பெயர் வைத்திருந்தால் போதும், பஞ்சு தப்பித்துவிடுவாள்.

தன் கண்டுபிடிப்பு தப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி வேண்டிக்கொள்வதை எங்கேயாவது கேட்டதுண்டா? குண்டூசி வேண்டிக்கொண்டாள். தன் கட்டுரையை எதிராளி வக்கீல் மாதிரி வரிவரியாகக் குடைந்தாள். எங்கும் ஓட்டையில்லை. இருக்காதே! யாரும் அசைக்க முடியாதபடி பெயர் நிற்க வேண்டும் என்றுதானே, வாழ்நாளில் எதற்கும் படாத பாடு அதற்குப் பட்டிருந்தாள்.

ஒரே ஒரு இடத்தில் சின்ன இடுக்கு தெரிந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒரே ஒரு ஆண் தேனீயை வைத்து, நாலே வரியில் விவரித்து ஒரு பெயர் வைத்திருந்தார். முகத்து முடியும் தாடைப் பற்களும் சற்று வித்தியாசம் என்று குண்டூசி அதை ஒதுக்கியிருந்தாள். ஆனால் முடி உதிரும், பல் தேயும். இந்த ஜாதியில் ஆணின் அடையாளம் வால் நுனி முட்களில்தான். அந்தப் பழைய தேனீ வாலை வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு செத்திருந்தது. குண்டூசி அப்போது பார்த்த அதன் படத்தில் வால் தெரியவே இல்லை. அதைப் பிரித்துப் பார்த்தவர் யாருமில்லை.

“அது இப்போ எங்க இருக்கு?” என்றார் பாம்பு சார்.

“எங்க இருக்கும்? அவகிட்டதான்” என்றாள் குண்டூசி.

பஞ்சுவின் மியூசியம் ரயிலில் அரை நாள் தூரம். வழியெல்லாம் என்ன பேசுவதென்று மனப்பாடம் செய்துகொண்டு போனாள். நீண்ட நடை, இரண்டு பக்கமும் கூரை முட்டும் அலமாரிகள், மூக்கைத் துளைக்கும் அந்துருண்டை வாசனை. கடைசி அறையில் ஜன்னலோரம் பஞ்சு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. குண்டூசி மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

“வாங்க” என்றாள் பஞ்சு. “உக்காருங்க. பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?”

அந்த ‘வாங்க’ பளாரென்று விழுந்தது. வாடி போடி என்று பேசியவள்.

“அந்தப் பழைய ஆண் தேனீயைப் பாக்கணும்” என்றாள் குண்டூசி, தரையைப் பார்த்துக்கொண்டு.

பஞ்சு எதற்கு என்று கேட்கவில்லை. எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து வந்தாள். பெயர் வைக்க ஆதாரமாக இருந்த மூல மாதிரி என்பதற்கு அடையாளமான சிவப்புச் சீட்டோடு, பழுப்பேறிய ஊசியில், கட்டை விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு தேனீ. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“வாலைப் பிரிக்கணும், அதானே? இப்படியே தொட்டா பொடிஞ்சிடும். ஈரப் பெட்டியில வெக்கறேன். மத்தியானத்துக்குள்ள இளகிடும்.”

ஈர மணல் பரப்பிய மூடி போட்ட டப்பாவுக்குள் தேனீ போயிற்று. இருவருக்கும் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. சுவர்க் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடியது. பஞ்சு ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த பெட்டிதான்.

“டைரக்டர் சார் வந்தாரு” என்றாள் குண்டூசி. “எல்லாத்தையும் சொன்னாரு.”

பஞ்சுவின் கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. “ரிட்டையர் ஆனதுக்கப்புறம் எல்லாருக்கும் உண்மை வந்துடுது.”

“நீ ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்ல வந்தேன். ரெண்டு தடவை உங்க புது ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். ஒரு தடவை உள்ள யாரோ இருந்தாங்க. இன்னொரு தடவை...” பஞ்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நீங்க என்னை மாதிரி பேசிக் காட்டிக்கிட்டிருந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நல்லாதான் பேசினீங்க, அச்சு அசலா.”

குண்டூசிக்குத் தலை நிமிரவில்லை.

“எனக்கும் பயம்தான்” என்றாள் பஞ்சு. “வேலை போயிடும்னு பயம். கடைசி வரைக்கும் நின்னு சண்டை போட்டிருக்கணும். அட்டையில என் பேரைப் பாக்கறப்பெல்லாம் எனக்கும் கூசும். அதனால நீங்க வெச்ச பேரு ரொம்பத் தப்புன்னு சொல்ல மாட்டேன்.”

“அப்படிச் சொல்லாதே!”

“என் பொண்ணு கேட்டா, ‘உன் பேர்ல ஒரு தேனீ இருக்காமே, எப்படிம்மா இருக்கும்’னு. ‘சின்னதா, கறுப்பா இருக்கும்’னு சொன்னேன். என்ன பண்ணும்னு கேட்டா. ‘பூவுல உக்காரும்’னு சொல்லிட்டேன்.”

குண்டூசி அந்தச் சுத்தமான பெட்டியைத் தன் பக்கம் இழுத்து மறுபடி துடைத்தாள்.

மத்தியானம் பஞ்சு டப்பாவைத் திறந்தாள். தேனீயை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, மெல்லிய ஊசியால் சுருண்ட வாலை மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினாள். குண்டூசியின் புது வகையில் ஆணுக்கு வால் முனையில் எட்டு முட்கள். இதற்கும் எட்டு இருந்துவிட்டால் போதும்.

பஞ்சு நெடுநேரம் பார்த்தாள். குவியத்தைத் திருகினாள். மறுபடி பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, “நீங்களே பாருங்க” என்றாள்.

ஆறு. நல்ல வெளிச்சத்தில், எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல், ஆறே ஆறு முட்கள். உடைந்த தழும்புகூட இல்லை.

“ரெண்டு முள்ளு முளைக்காம இருந்திருக்கலாம்” என்றாள் குண்டூசி, கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல். “ஒரே ஜாதியில ஒண்ணு ரெண்டு அப்படி வரும்னு எழுதிடறேன். ரெண்டும் ஒண்ணுதான், நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு நானே கட்டுரை போடறேன். என் பேரு கெட்டா கெடட்டும். உன் பேரு போயிடும். நீ மட்டும் ‘ஆமா, நானும் பாத்தேன்’னு ஒரு வரி குடு. இந்தத் தேனீக்களைத் தெரிஞ்சவங்க உலகத்துலயே நாம ரெண்டு பேர்தான். யாரு கேக்கப் போறா?”

சொல்லிவிடுவாளோ, சரி என்று சொல்லிவிடுவாளோ என்று குண்டூசி லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தாள். பஞ்சுவின் முகத்தில் ஒரு நொடி அந்த ஆசை வந்து போனதையும் பார்த்தாள்.

“இல்லடி” என்றாள் பஞ்சு. “அது வேற, இது வேற. நமக்கு அப்புறம் யாராவது இந்தப் பெட்டியைத் திறப்பாங்க. எண்ணிப் பாப்பாங்க. நம்ம சண்டைக்கு அந்தத் தேனீ என்ன பண்ணும்? அது இருக்கே. இல்லன்னு எப்படி எழுதறது?”

“உனக்காகத்தானே...”

“எனக்காகன்னா வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்.” குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் குண்டூசிக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். “நல்லா வேலை பண்ணியிருக்கே. நான் வரிக்கு வரி படிச்சேன். எங்கயாவது தப்பு இருக்கும், பிடிச்சிடலாம்னுதான் படிச்சேன். ஒண்ணும் கிடைக்கல.”

“என்னை மன்னிச்சிடு.”

“பாக்கலாம். இன்னைக்கே கேட்டா எப்படி? எனக்கும் கொஞ்ச நாள் வேணும் இல்ல?”

பஞ்சு அந்தப் பழைய தேனீயை அதன் தட்டில் திருப்பி வைத்தாள். பிறகு கீழ் இழுப்பறையிலிருந்து இன்னொரு சிறிய பெட்டியை எடுத்தாள். உள்ளே ஒரு ஜோடித் தேனீக்கள். புது வகையைக் கண்டுபிடித்தால் ஒன்றிரண்டை மற்ற மியூசியங்களுக்கும் அனுப்பிவைப்பது வழக்கம். இந்த ஜோடியை இந்த மியூசியத்துக்கே, பஞ்சுவின் கைக்கே போய்ச் சேரும்படி, குண்டூசி அப்போது வேண்டுமென்றே அனுப்பியிருந்தாள்.

“இதை அலமாரியில சேக்கணும். மேல பேரு எழுதி ஒரு அட்டை வெக்கணும். ரெண்டு தடவை உக்காந்தேன்” என்றாள் பஞ்சு. “என் பேரை என் கையால எழுத வரல. வந்ததுதான் வந்தே, நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயேன்.”

மெல்லிய பேனாவையும் வெள்ளை அட்டையையும் முன்னால் நகர்த்தினாள்.

குண்டூசி பேனாவை எடுத்தாள். உலகத்தில் அவளுக்குத் தெரிந்த எல்லாச் சொற்களிலும் எழுதக் கூசுகிற ஒரே சொல் அதுவாக இருந்தது. ஆனாலும் எழுதினாள். கோணாமல், மை தீற்றாமல், ஒவ்வொரு எழுத்தாக. பஞ்சு பக்கத்தில் நின்று ஊதிக் காயவைத்தாள். பெட்டியின் முனையில் அட்டையைச் செருகி, அலமாரி இழுப்பறையில் அதற்கென்று விட்டிருந்த இடத்தில் வைத்துத் தள்ளினாள். இழுப்பறை சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

“ரயிலுக்கு நேரமாச்சு பாரு” என்றாள் பஞ்சு. வாசல் வரைக்கும் கூட வந்தாள். அதற்கு மேல் வரவில்லை.